நிலவறையா, மொட்டை மாடியா, வளவா? திருகோணமலை வீட்டில் விளையாட்டு அறையும் பானமேடையும்

கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் அண்ணனின் வீட்டு நிலவறையைக் கைப்பேசியில் காட்டுகிறார்கள். படியிறங்கினால் நீளமான மரமேடை, அதன் பின்னால் கண்ணாடித் தட்டுகளில் போத்தல்கள், நடுவே பச்சைத் துணி விரித்த பூல் மேசை, மூலையில் கரம் பலகை. "உப்புவெளியில் கட்டும் வீட்டிலும் இப்படி ஒன்று வேண்டும். கீழே தோண்டிவிடலாம்தானே, அண்ணை?" என்று கேட்கிறார்கள். இந்த வருடத்தில் மட்டும் மூன்று வீட்டுக்காரர்கள் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். கட்டட வேலைகளை மேற்பார்வை செய்வது என் தொழில். மூவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

ஆசை நல்ல ஆசை. ஊருக்கு வரும் பிள்ளைகளும் இங்கே இருக்கும் பிள்ளைகளும் ஒரே பலகையைச் சுற்றி உட்காருவதைப்போல உறவை இறுக்குவது வேறில்லை. இடத்தைத் தேர்வதில்தான் பிழை நடக்கிறது. கனடாவில் நிலவறை இருப்பதற்குக் காரணம் அந்த நாட்டுக் குளிர். ரொறன்ரோப் பக்கம் குளிர்காலத்தில் மண் ஏறக்குறைய 1.2 மீற்றர் ஆழம்வரை உறையக்கூடும். அத்திவாரம் அதற்குக் கீழே போயாக வேண்டும். எப்படியும் தோண்டிய குழியை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கினால் ஓர் அறை கிடைத்துவிடுகிறது. நம் மண் உறைவதில்லை. இங்கே நிலவறைக்காகத் தோண்டும் ஒவ்வொரு அடியும் புதிய செலவு.

## எதை வைத்து அளப்பது

முதலாவது நீர். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை நம் நிலத்தை எப்படி ஆக்குகிறது என்பதைப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. இரண்டாவது வெப்பம். மே மாதம் தொடங்கிக் கச்சான் வீசும் மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு அந்த அறைக்குள் ஒருவர் உட்கார முடியுமா? மூன்றாவது பாரம். சில மேசைகளை நான்கு பேர் தூக்கலாம், சிலவற்றுக்குப் பத்துப் பேரும் போதாது. நான்காவது சத்தம். சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதுவே முதலாவதாகிவிடும். ஐந்தாவது, மாதாமாதம் வரும் பராமரிப்பு. ஆறாவதை யாரும் கேட்பதில்லை: விளையாட்டு ஆசை அடங்கிய பிறகு அந்த அறை எதற்குப் பயன்படும்?

## நிலவறை

உங்கள் கிணற்றைப் பாருங்கள். டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ, நல்ல மழை பெய்த மறுநாள், நிலமட்டத்திலிருந்து நீர்மட்டம்வரை கயிறு விட்டு அளந்துகொள்ளுங்கள். நிலவறையின் தரை அந்த அளவைவிடக் கீழே போகிறது என்றால் நீங்கள் கட்டப்போவது நீருக்குள் மிதக்கும் ஒரு பெட்டி. உப்புவெளி, நிலாவெளி மணற்பகுதிகளில் மாரிக்குக் கிணறு எவ்வளவு மேலே வந்து நிற்கும் என்பது அங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும்.

"மிதக்கும்" என்பதை உவமையாகச் சொல்லவில்லை. வெளியே நிலத்தடி நீர் அறையின் தரையைவிட ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், தரையின் ஒவ்வொரு சதுர மீற்றரையும் கீழிருந்து ஒரு தொன் விசை மேலே தள்ளுகிறது. 20 சதுர மீற்றர் அறைக்கு அது 20 தொன். 15 சென்ரிமீற்றர் தடிப்புள்ள கொங்கிறீட் தளம் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 360 கிலோதான் பாரம். எனவே தளம் தடிக்க வேண்டும், சுவர்களோடு கம்பியால் ஒன்றாகப் பிணைய வேண்டும், வெளிப்பக்கம் முழுவதும் நீர்காப்புச் செய்ய வேண்டும். தோண்டும்போதே பக்கத்து மணல் சரியாமல் தாங்க வேண்டும், ஊறும் நீரை இரவு பகலாக இறைக்க வேண்டும். இவற்றையெல்லாம் செய்யத் தெரிந்த பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் பெரிய கட்டடங்களுக்கு நிலக்கீழ்த் தளங்கள் கட்டுகிறார்கள். ஆனால் வீட்டுக்கு வரும் மேசனிடம், "அண்ணை, கீழே ஓர் அறையும் சேர்த்துப் போடுங்கள்" என்று சொல்லி முடிக்கிற வேலை இதில்லை.

மறைந்திருக்கும் செலவுகள் இன்னும் இருக்கின்றன. கசியும் நீரை வெளியேற்ற ஒரு பம்பி வேண்டும். புயல் மழையில்தான் பம்பி அதிகம் ஓட வேண்டும், மின்சாரம் போவதும் அப்போதுதான். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்த நாட்களையும் மறந்திருக்க மாட்டீர்கள். பம்பிக்காக ஒரு மின்பிறப்பாக்கி, அதற்கு எரிபொருள், அதை இயக்க வீட்டில் ஓர் ஆள். அண்ணன் கனடாவுக்குத் திரும்பிய பிறகு அந்த ஆள் யார்? பெரும்பாலும் அறுபத்தைந்து வயது அம்மா.

இன்னொன்றைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் மலசலகூடக் குழி வளவுக்குள்தான் இருக்கிறது. மணல் நிலத்தில் மாரிக்கு நீர்மட்டம் உயரும்போது குழியில் இருப்பதும் அந்த நீரோடு கலக்கிறது. நிலவறைச் சுவரில் கசியும் நீர் அதே நீர். கரம் ஆடும் பிள்ளைகள் வெறுங்காலோடு அதில் நிற்பார்கள். கடலுக்கு அருகில் என்றால் அந்த நீரில் உப்பும் சேர்ந்திருக்கும். உப்பு கொங்கிறீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் துருவாக்கும், துருப்பிடித்த கம்பி பருத்துச் சுவரை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும்.

நிலவறை பொருந்தும் இடமும் இந்த ஊரில் இருக்கிறது. ஓர்ஸ் ஹில் போன்ற மேட்டுநிலத்தில் காணி சரிவாக இருந்தால், பின்பக்கம் மண்ணுக்குள் புதைந்து முன்பக்கம் வெளிச்சத்துக்குத் திறந்த ஓர் அறையை வீட்டின் கீழே அமைக்கலாம். நீர் தன் பாரத்தாலேயே முன்பக்கமாக வடிந்துவிடும், பம்பி தேவையில்லை. மேற்சரிவிலிருந்து வரும் நீரைத் திருப்ப, புதைந்த சுவருக்குப் பின்னால் கல் நிரப்பிய வடிகால் ஒன்று வேண்டும். அதைக் கட்டும்போதே செய்துவிட வேண்டும். மண் நிரப்பி மூடிய பிறகு செய்ய நினைத்தால் மீண்டும் தோண்டத்தான் வேண்டும். சரிவான காணி வைத்திருப்பவர்களுக்கு இதுதான் என் முதல் பரிந்துரை. கச்சான் நாளிலும் அந்த அறை குளிர்ந்திருக்கும். மட்டமான காணி என்றால், தயவுசெய்து தோண்டாதீர்கள்.

## மொட்டை மாடி

செலவு குறைவு, காணி குறையாது, மாலையில் கடற்காற்று. இந்த மூன்றுக்காகவும் பலர் மாடியையே தேர்கிறார்கள். விருந்தினர் வந்தால் இருட்டிய பிறகு அங்கே உட்கார்ந்து பேசுவது இனிமை என்பதை நானும் அனுபவித்திருக்கிறேன்.

ஆனால் நாள் முழுதும் வெயில் குடித்த கொங்கிறீட், இரவு ஒன்பது மணிவரை அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். தகரக் கூரை போட்டால் பகலில் கிட்டவும் போக முடியாது. தகரத்தின் கீழ் உள்கூரையும் நான்கு பக்கமும் காற்று போகும் வழியும் வைத்தே கட்ட வேண்டும். 1964 டிசம்பரில் இந்த ஊரைப் புரட்டிய புயலைப் பார்த்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள். மாடித் தகரத்தை ஆணியில் நிறுத்துவது போதாது. தீராந்தியைத் தூணோடும் தூணைத் தளத்தோடும் இரும்புப் பட்டிகளால் பிணைக்க வேண்டும்.

காற்று இனிமையானது, விளையாட்டுக்குப் பகை. மேசைப்பந்தின் பந்து 2.7 கிராம்தான், மாடிக்காற்றில் அது ஆடுபவரின் பேச்சைக் கேட்காது. கரம் பலகையில் தூவும் தூள் பக்கத்து வீட்டு உடுப்புக் கொடிக்குப் போய்ச் சேரும். கற்பலகை வைத்த பூல் மேசையை மாடிப்படியால் ஏற்றுவது ஆபத்து. ஏற்றினாலும் தளம் தாங்குமா என்று பொறியியலாளர் பார்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுப் பாரமும் சில கால்களின் வழியே சில புள்ளிகளில் இறங்குகிறது.

குடித்தவர் படியிறங்க வேண்டும் என்பதையும் நினையுங்கள். மாடியில் பானமேடை அமைப்பதாக இருந்தால் கைப்பிடிச் சுவர் இடுப்புக்கு மேல் உயரட்டும், படியில் இரவு முழுதும் விளக்கு எரியட்டும், படியின் இரு பக்கமும் கைபிடி இருக்கட்டும். இதில் சிக்கனம் பார்த்த வீடு ஒன்றில் நடந்த விழுகையை நான் நேரில் கண்டேன். அந்த மனிதர் பிழைத்துவிட்டார், ஆனால் இன்றும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறார்.

சிறிய காணி, கடதாசி விளையாட்டும் பேச்சுமே முக்கியம், பெரிய மேசை வேண்டாம் என்பவர்களுக்கு மாடி சரி.

## வளவில் தனி அறை

மட்டமான காணியும் கொஞ்சம் இடமும் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வீட்டிலிருந்து சற்று விலகி, வேப்ப நிழலில், தரைமட்டத்திலிருந்து இரண்டரை அடி உயர்த்திய அத்திவாரத்தில், அரைச்சுவரும் அகன்ற யன்னல்களும் ஓட்டுக்கூரையும் வைத்த ஓர் அறை. நீர் உள்ளே வராது. சத்தம் வீட்டுக்குள் போகாது. விருந்தினர் வீட்டுக்குள் நுழையாமலே வந்து போகலாம். விரத நாளில் வீட்டுக்குள் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது போத்தல் இருக்கும் இடம் வேறாக இருப்பது பல அம்மாக்களுக்குப் பெரிய ஆறுதல்.

கனமான எந்த மேசையையும் இங்கே வைக்கலாம், தரை மண்ணில் நிற்கிறது. தென்னைக்குக் கீழே மட்டும் கட்டாதீர்கள். மட்டையும் தேங்காயும் ஓட்டை உடைக்கும்.

செலவுகளை ஒளிக்கமாட்டேன். தனி அத்திவாரம், தனி மின்னிணைப்பு, கைகழுவ நீர்க்குழாய், கழிவுநீருக்கு வழி, நுளம்பு வலை, பூட்டு. அத்திவாரம் போடும் முன் மண்ணுக்குக் கறையான் மருந்து அடிப்பது கட்டாயம். சற்றுச் செலவழித்து ஒரு கழிப்பறையையும் சேர்த்துவிடுங்கள். அப்போதுதான் ஆறாவது கேள்விக்குப் பதில் கிடைக்கிறது: பின்னாளில் அது மகளின் படிப்பறையாகலாம், படியேற முடியாத தாத்தாவின் அறையாகலாம், ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை கடற்கரைக்கு வரும் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் அறையாகலாம். வாடகைக்கு விட்டால் பானமேடையில் மது விற்க நினைக்காதீர்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது விற்பது குற்றம்.

வீட்டோடு சேர்ந்த அறையோ தனி அறையோ, புதிதாகக் கட்டுவதற்கு உள்ளூராட்சி சபையின் அனுமதி வேண்டும். கடலின் உயர்நீர் எல்லையிலிருந்து 300 மீற்றருக்குள் காணி இருந்தால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் சேரும். உப்புவெளியில் பல காணிகள் இந்த எல்லைக்குள்தான் வருகின்றன. அத்திவாரம் வெட்டிய பிறகு தெரிந்துகொள்வது வீண் மனவருத்தம்.

## இருக்கும் அறையையே மாற்றுவது

பிள்ளைகள் வெளிநாடு போய் வெறுமையான அறை, அடைத்த விறாந்தை, வாகனம் இல்லாத வாகனத் தரிப்பிடம் இருந்தால் புதிதாக எதுவும் கட்ட வேண்டாம். ஒரு கரம், ஒரு வட்ட மேசை, ஓர் அலுமாரி போதும். ஒரு வருடம் விளையாடிப் பாருங்கள். அந்த அறை நிரம்பி வழிந்தால் பிறகு வளவில் கட்டலாம்.

## எந்த மேசை?

அறையை முடிவு செய்த பிறகு மேசையைத் தேடுகிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன், ஏனென்றால் அறையின் அளவை மேசைதான் தீர்மானிக்கிறது.

| | கரம் | மேசைப்பந்து | ஏழடிப் பூல் மேசை | கடதாசி மேசை |
|---|---|---|---|---|
| மேசை அளவு | ஆடுதளம் 74 செ.மீ. சதுரம் | 2.74 × 1.525 மீ. | ஆடுதளம் ஏறக்குறைய 2 × 1 மீ. | மூன்றரை அடி வட்டம் |
| தேவையான இடம் | 8 × 8 அடி | 21 × 12 அடி | 17 × 14 அடி | 9 × 9 அடி |
| பாரம் | ஒருவர் தூக்கலாம் | மடித்து உருட்டலாம் | கற்பலகை என்றால் 250 கிலோவுக்கு மேல் | இருவர் தூக்கலாம் |
| நம் காலநிலையில் கெடுவது | ஈரத்தில் பலகை மந்தமாகும் | காற்று, வலைத் தாங்கியின் துரு | துணி, மட்டம், இறப்பர் விளிம்பு | மூட்டுகள் |
| ஊரில் திருத்தலாமா | தச்சரே போதும் | பெரும்பாலும் ஆம் | துணி மாற்றக் கொழும்பிலிருந்து ஆள் | தச்சரே போதும் |

பூல் மேசைக்கு ஏன் இவ்வளவு இடம் என்று கேட்பார்கள். பந்தைத் தள்ளும் கோல் 1.47 மீற்றர் நீளம். பந்து விளிம்பை ஒட்டி நின்றாலும் பின்னால் கோலை இழுக்க முழு இடம் வேண்டும். 12 அடி அகல அறையில் பூல் மேசை வைத்த ஒரு வீட்டில், சுவரில் கோல் முட்டி முட்டிச் சாந்து பெயர்ந்து கிடக்கிறது. யாரும் ஆடுவதில்லை, உடுப்பு மடித்து வைக்கிறார்கள். மலிவான மரத்தளப் பூல் மேசைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை: நம் மாரிக்காலத்து ஈரத்தில் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை ஊதிவிடும், பந்து தன்பாட்டில் ஒரு மூலைக்கு உருளத் தொடங்கும். வாங்குவதானால் கற்பலகை வைத்ததை வாங்குங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். இந்த வகை ஆட்டத்தில் நம் நாட்டுக்குப் பெருமை இல்லாமல் இல்லை, 1973இல் எம். ஜே. எம். லாபீர் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தையே வென்றார். ஆர்வம் உண்மையாக இருந்தால், இடமும் இருந்தால், வாருங்கள், வளவில் அறை போடுவோம்.

என் மனம் கரத்தோடும் கடதாசியோடும்தான். எட்டு வயதுப் பேத்தியும் எழுபது வயது அப்பப்பாவும் சமமாக ஆடக்கூடிய ஆட்டம் கரம். பலகையை வாங்கும்போது விலையைக் கொஞ்சம் உயர்த்துங்கள்: தடித்த பிளைவுட், நான்கு மூலையும் இறுகப் பூட்டிய சட்டம், அடியில் குறுக்குச் சட்டம். மாரிக்குச் சுவரோடு சாய்த்து வைக்காமல் மட்டமாகக் கிடத்தித் துணியால் மூடுங்கள், வளையாது. தலைக்கு மேல் நேராகத் தொங்கும் ஒரு விளக்கு, அவ்வளவுதான்.

கடதாசி மேசையைத் தச்சரிடம் செய்விக்கும்போது "முந்நூற்று நான்கு" ஆடுவீர்களா என்று சொல்லிவிடுங்கள். நால்வர் ஆடினால் மூன்றரை அடி வட்டம் போதும், ஆறு பேர் என்றால் நான்கரை அடியாவது வேண்டும். ஓர் இனத்துக்கு 76 புள்ளி, நான்கு இனத்துக்கும் 304 என்று சிறுவர்களுக்குக் கணக்கும் இதிலேயே வந்துவிடும். கனடாவிலிருந்து வரும் பெறாமக்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு மாமாமாருடையது.

## பானமேடை: கட்டிய மேடையா, அலுமாரியா?

கட்டிய மேடை அழகு. உயரம் 105 முதல் 110 சென்ரிமீற்றர், முக்காலியின் இருக்கை 75, முன்பக்கம் முழங்கால் இடிக்காமல் 25 சென்ரிமீற்றர் நீட்டம், பின்னால் நிற்பவருக்கு மூன்றடி இடம். இவ்வளவும் சேர்த்தால் சிறிய அறையின் கால்வாசியை மேடையே எடுத்துக்கொள்ளும். 14 × 17 அடி அறையில்கூடப் பூல் மேசையும் கட்டிய மேடையும் ஒன்றாக இருக்க முடியாது, ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும்.

கட்டிய மேடை வைப்பதானால் கழுவுதொட்டியும் வைத்தே தீர வேண்டும். தொட்டி இல்லாத மேடையில் குடித்த கிளாசுகள் எங்கே போகும்? வளவைக் கடந்து குசினிக்கு. யார் கழுவுவார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இரவு பதினொரு மணிக்கு அக்காவையும் அண்ணியையும் எழுப்பும் ஒரு விருந்தை நான் விருந்து என்று சொல்லமாட்டேன். குழாயும் தொட்டியும் வடிகாலும் மேடை கட்டும்போதே சேரட்டும்.

பூட்டுள்ள அலுமாரி இடத்தைச் சேமிக்கும். கதவைக் கீழே இறக்கினால் அதுவே பலகையாகும்படி தச்சர் செய்து தருவார். ஆடாத நாளில் பூட்டி வைத்தால் அறை சாதாரண அறையாகிவிடும். நம் நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கவே தடை. பதினைந்து வயதுப் பையன் கரம் ஆட வரும் அறையில் போத்தல்கள் கைக்கெட்டும் தட்டில் திறந்தபடி இருக்கக் கூடாது. பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு நான் அலுமாரியைத்தான் சொல்கிறேன், விட்டுக்கொடுக்கமாட்டேன். மேடை எதுவானாலும் அதில் இளநீருக்கும் தேசிக்காய்த் தண்ணீருக்கும் இஞ்சித் தேநீருக்கும் இடம் வையுங்கள், அறைக்கு வருபவர்களில் பாதிப் பேர் குடிப்பது அதைத்தான்.

மரத்தில் முதிரையும் தேக்கும் நல்லவை. வேம்பையும் கறையான் எளிதில் நெருங்காது. ஆனால் எந்த மரமும் கச்சானில் சுருங்கி மாரியில் ஊதும். மேற்பலகையை அகலமான ஒரே பலகையாக இறுக்கி ஆணியடித்தால் முதல் வருடமே வெடிக்கும். அசைய இடம் விட்டுப் பூட்டத் தெரிந்த தச்சரைத் தேடுங்கள். நனையும் இடத்துக்கு மரத்தைவிடக் கருங்கல் பலகையோ மெருகிட்ட சீமெந்தோ மேல். பிணைச்சல், திருகாணி எல்லாம் பித்தளையாகவோ நல்ல துருப்பிடியா உருக்காகவோ இருக்கட்டும். கடலுக்கு அருகில் மலிவான வெள்ளிநிறப் பிணைச்சல்கள் ஒரு மாரியைத் தாண்டுவதில்லை. சிறிய குளிர்சாதனப் பெட்டியை மேடைக்குள் புதைப்பதானால் பின்னால் காற்றுக்கு நான்கு விரற்கடை இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் மின்பட்டியலில் அதன் விலையை மறுபடியும் கட்டுவீர்கள்.

வரைபடம் கீறுவதற்கு முன் ஒரு மாலை செலவழியுங்கள். வளவில் சுண்ணாம்புத் தூளால் அறையின் சுவர்களைக் கீறி, நடுவில் மேசையின் அளவைக் கீறி, ஒரு நீண்ட தும்புத்தடியைக் கோலாகப் பிடித்துக்கொண்டு நான்கு பக்கமும் நின்று குனிந்து பாருங்கள். மேடை நிற்கும் இடத்தில் இரண்டு கதிரைகளைப் போட்டு அம்மாவையும் அப்பாவையும் உட்கார வையுங்கள். தடி அவர்கள் தோளில் இடிக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.